காற்று ஜில்லென்று வருகிறது, முகத்துக்கு மட்டும் வரவில்லை

எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் கார் ஏர்கோனில் என்ன கோளாறு என்றாலும் முதல் பதில் ஒன்றுதான்: "கேஸ் பத்தல அண்ணே." என் பழைய காருக்கும் அதையே சொன்னார்கள். கேஸ் குறைந்தால் குளிர் குறையும், சரி. காற்று போகும் திசை எப்படி மாறும்? எனக்கு நல்ல குளிர்காற்றுதான் வந்தது. ஆனால் எல்லாம் முன்கண்ணாடிக்கும் காலுக்கும் போனது. குமிழை முகம் படம் போட்ட இடத்துக்குத் திருப்பினாலும் அதே கதை.

விடியற்காலையில் செம்பனைக் காட்டு வழியாக வேலைக்குப் போகும்போதுதான் பெரும்பாடு. கண்ணாடியில் பனி படரும், அதுவும் வெளிப்பக்கம்! உள்ளே எவ்வளவு துடைத்தும் என்ன பயன்? குளிர்காற்று ஓயாமல் அடித்துக் கண்ணாடி சில்லிட்டுப் போகிறது. வெளியே இருக்கும் ஈரக்காற்று அதில் பட்டு நீராகப் படிகிறது. வைப்பர் போட்டுப் போட்டுத்தான் ஓட்டினேன். எதிரே குலை ஏற்றிய லோரி வந்தால் வயிற்றைக் கலக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அக்காள் மகனைக் குமிழைத் திருப்பச் சொல்லிவிட்டு, டோர்ச் லைட்டோடு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டேன்.

"திருப்பிட்டேன் மாமா."

கேபிள் முழுசாக நகர்ந்தது. காற்றைத் திருப்பும் மடலின் கைப்பிடி அசையவே இல்லை. கேபிளின் மேலுறையைப் பிடித்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் கிளிப் உடைந்து கிடந்தது. உறை நிற்காமல் உள்கம்பி எப்படி இழுக்கும்? கைப்பிடியை விரலால் தள்ளினேன். 'டொக்'கென்று மடல் திரும்பி முகத்தில் காற்று அடித்தது. அப்படியென்றால் மடலில் குறையில்லை. பழைய சாமான் கடையில் ஒரு கிளிப் வாங்கி, குமிழும் கைப்பிடியும் முகப்பக்கம் கடைசி வரை இருக்கும்படி வைத்து, உறையை இறுக்கினேன். மாற்றி வைத்தால் மடல் பாதியில் நின்றுவிடும்.

புதிய கார்களில் பெரும்பாலும் கேபிள் இல்லை, சின்ன மோட்டார்தான். திசை மாற்றும்போது டேஷ்போர்டுக்குள் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் அதன் பல்சக்கரத்தைச் சந்தேகப்படுங்கள். மோட்டார் மாட்டியிருக்கும்போது கையால் தள்ளாதீர்கள். எல்லாத் துவாரத்திலும் காற்று மெலிந்திருந்தால் அது வேறு; முதலில் ஏர்கோன் ஃபில்டரைப் பாருங்கள்.

இப்போது என் காரில் துவாரம் வழியாகக் கறுப்புத் துகள் பறக்கிறது. மடலில் ஒட்டிய பஞ்சு மக்கிவிட்டது. அதை மாற்ற டேஷ்போர்டையே இறக்க வேண்டுமாம். கூலியைக் கேட்டேன். பறக்கட்டும், துடைத்துக்கொள்ளலாம்.