மேகத்துக்குள் போன பிறகு வழி தேட முடியாது

2020 ஜனவரி 26 அன்று கலிஃபோர்னியாவின் கலபாசாஸ் மலைச்சரிவில் சிகோர்ஸ்கி எஸ்-76பி ஹெலிகாப்டர் மோதி, கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் உட்பட 9 பேர் இறந்தார்கள். மேகத்தில் மாட்டிய விமானி, 4,000 அடிக்கு ஏறுவதாகக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்ன நேரத்தில் ஹெலிகாப்டர் இடப்பக்கம் சாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே எதுவும் தெரியாதபோது, சமநிலையை உணரும் உள்காது இப்படித்தான் ஏமாற்றும். கருவிகளைப் பார்த்தே ஓட்டுவதற்கான வசதி அந்த இயந்திரத்தில் இருந்தது. இயக்கிய நிறுவனத்தின் அனுமதியோ வெளியே பார்த்து ஓட்டுவதற்கு மட்டும். 2021 டிசம்பரில் நம் குன்னூரில் நடந்த ஹெலிகாப்டர் விபத்துக்கும் பள்ளத்தாக்கு மேகமும் நிலைக்குழப்பமும்தான் காரணம் என்றது முப்படை விசாரணை.

அப்படியென்றால் ஐஎஃப்ஆர் வழியில், அதாவது கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கென வரைந்த வழியில், போக வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். பழைய கருவி வழிகள் விமானங்களுக்காகப் போட்டவை. ஆல்ப்ஸில் அவை பத்தாயிரம் அடிக்கும் மேலே ஓடும். குளிர்காலத்தில் அந்த உயரத்து மேகம் என்றால் பனிக்கட்டி. சுழலி இறக்கையில் பனி படிந்தால் தூக்குவிசை குறையும், ஒரு இறக்கையில் மட்டும் அது உதிர்ந்தால் உடம்பே உதறும். இறக்கையைச் சூடாக்கும் அமைப்பு சிறிய ஹெலிகாப்டர்களில் கிடையாது.

ஆகவே வழியைக் கீழே இறக்க வேண்டும். ஆர்என்பி 0.3 என்ற வழித்துல்லியத் தரம் அதற்குத்தான்: பறக்கும் நேரத்தில் 95 சதவீதம், கோட்டின் இருபுறமும் 0.3 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 550 மீட்டருக்குள் நிற்க வேண்டும். பள்ளத்தாக்குக்குள் வழி வரைய இது போதும். சுவிட்சர்லாந்தில் மீட்புச் சேவையான ரேகா, வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான ஸ்கைகைட், விமானப்படை மூன்றும் சேர்ந்து இப்படியொரு தாழ்வழி வலையை உருவாக்கின. ஒரு ஆபரேட்டர் தனியாகச் செய்யக்கூடிய காரியமில்லை இது.

வழியின் முடிவில் இருப்பது ஓடுபாதையல்ல, வானத்தில் ஒரு புள்ளி. ஹெலிகாப்டர் பெரும்பாலும் 70 நாட் வேகத்தில் அங்கே வரும். தரை தெரிந்தால் தளத்துக்கு. தெரியாவிட்டால் அந்த இடத்திலேயே ஏறித் திரும்ப வேண்டும். புள்ளியைத் தாண்டியபின் மேக இடுக்கில் ஒரு விளக்கு தெரிந்தது என்று குனிந்து நுழைவதுதான் கொல்லும் தவறு. தப்பிக்கும் ஏற்றம் முன்னே உள்ள மலையைத் தாண்டும்படி கணக்கிடப்பட்டிருப்பது அந்தப் புள்ளியிலிருந்து மட்டுமே.

இன்னொரு பொறி உயரமானி. அழுத்த அமைப்பில் 1 ஹெக்டோபாஸ்கல் பிசகினால் 27 முதல் 30 அடி போய்விடும். தூரத்து விமான நிலையத்தின் அழுத்தத்தை வாங்கினால் அதற்கேற்பக் குறைந்தபட்ச உயரத்தைக் கூட்டியாக வேண்டும். குளிர் இன்னும் மோசம்: உயரமானி கணக்கில் கொள்ளும் நியம வெப்பநிலையைவிட 20 டிகிரி குறைந்தால், கருவி 1,000 அடி காட்டும்போது நாம் சுமார் 80 அடி தாழ்வாக இருப்போம்.

2023-ல் இந்தியாவின் ககன் செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பின் உதவியுடன் மும்பை ஜுஹுவிலிருந்து புணேக்கு இத்தகைய பறப்பைச் செய்து காட்டினார்கள். இதே முறை ஆஸ்பத்திரி மொட்டைமாடி வரை வர வேண்டுமானால், அங்கே ஒரு வானிலைக் கருவி வேண்டும். பக்கத்து மனையில் கட்டுமானக் கிரேன் எழும்பிய அன்றே தகவல் சொல்லும் ஆளும் வேண்டும்.