மணிக்கு லைசென்ஸ் வாங்கிய கதை

மணி தெருவிலிருந்து வந்த நாட்டு நாய். லைசென்ஸ் இல்லாமல் நாய் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று சென்னை மாநகராட்சி 2025 கடைசியில் கண்டிப்பு காட்டியதும், எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் ஒரே பரபரப்பு. அப்போது லைசென்ஸுக்குக் கட்டணம் வெறும் 50 ரூபாய். ஆன்லைனில் முகவரிச் சான்று, நாயின் படம், வெறிநோய்த் தடுப்பூசி போட்ட அட்டை எல்லாம் ஏற்ற வேண்டும். முதல் இரண்டும் நொடியில் முடிந்துவிட்டன. மூன்றாவதுதான் பாடாய்ப் படுத்தியது.

மணிக்கு முன்பு ஊசி போட்டது ஒரு தனியார் கிளினிக். அட்டையில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர் இருந்தது. பார்த்தால் அது 'நைன் இன் ஒன்' என்ற கூட்டுத் தடுப்பூசி. நாய்க்கு வரும் டிஸ்டெம்பர், பார்வோ போன்ற நோய்களுக்கானது அது. வெறிநோய்க்கான மருந்து அதில் கிடையாது, அதைத் தனியாகப் போட வேண்டும். "ஒன்பது நோய்க்கும் போட்டாச்சுங்க" என்று நிம்மதியாக இருப்பவர்கள் எங்கள் குடியிருப்பிலேயே சிலர் உண்டு. ரேபிஸ், அதாவது வெறிநோய், என்ற கட்டத்தில் ஒரு தேதியும் கிறுக்கலாக ஒரு கையெழுத்தும் மட்டும். மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் இல்லை, பேட்ச் எண் இல்லை, முத்திரை இல்லை. கிளினிக்கில் போய்க் கேட்டால், "அப்ப இருந்த டாக்டர் இப்ப இல்லையே" என்றார்கள்.

சரி, இவர்களோடு மல்லுக்கட்டுவதைவிட மறுபடி போட்டுவிடலாம் என்று மாநகராட்சியின் திரு.வி.க. நகர் செல்லப் பிராணி மையத்துக்குப் போனேன். அங்கே ஊசியும் இலவசம், நாயை அடையாளம் காணத் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பும் இலவசம். வரிசையில் லாப்ரடார், பொமரேனியன், நடுவே கூடையில் ஒரு பூனை. பூனைக்கும் ஊசியா என்று பின்னாலிருந்த அம்மா சிரித்தார். பூனையும் கடித்தால் வெறிநோயைப் பரப்பும். நாய்க்குப் போடும் அதே மருந்துதான் அதற்கும்.

அட்டையைப் பார்த்த மருத்துவர், "இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது சார், இன்னொரு தடவை போட்டா கெடுதல் இல்லை" என்றார். ஃபிரிட்ஜிலிருந்து குப்பியை எடுத்தார். இந்த மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும், வெளியே கிடந்தால் வீரியம் போய்விடும். கழுத்துக்குக் கீழே தோலைத் தூக்கிப் பிடித்து ஒரே குத்து. மணி திரும்பிப் பார்ப்பதற்குள் முடிந்தது. சிப்புக்கு ஊசி கொஞ்சம் தடிமன். அதற்கு மட்டும் ஒரு முனகல். ஒரு அரிசி அளவே உள்ள அந்தச் சிப் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே தோலுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டது. ரீடரை மேலே காட்டியதும் 15 இலக்க எண் திரையில் வந்தது. அட்டையில் ஸ்டிக்கர், முத்திரை, அடுத்த தேதி எல்லாவற்றையும் நின்று சரிபார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

பக்கத்தில் ஒரு தம்பி கையில் குட்டியோடு வந்திருந்தான். மூன்று மாதம் ஆகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்று மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து பூஸ்டர், அப்புறம் வருஷா வருஷம்.

லைசென்ஸ் வந்த பிறகு கீழ்வீட்டு மாமா, "இனி மணி கடிச்சா பயமில்லையே?" என்றார். அப்படி இல்லை. ஊசி போட்ட நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது.

லைசென்ஸுக்கு ஆயுள் ஒரு வருஷம்தான். ஊசித் தேதி அதற்குச் சற்று முன்னதாகவே வருகிறது, அதனால் ஊசியை முடித்துவிட்டு, புது அட்டையை வைத்துப் புதுப்பித்துக்கொள்ளலாம்.