சம்பளச் சீட்டின் முதல் வரி

2024இல் டெக்சாஸில் எங்கள் விவாகரத்து வழக்கு நடந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் என்னோடு இருப்பது முன்பே முடிவாகிவிட்டது. சைல்டு சப்போர்ட், அதாவது பிள்ளைகளின் செலவுக்கு என் முன்னாள் கணவர் மாதாமாதம் தர வேண்டிய பணம், எவ்வளவு என்பதுதான் பாக்கி. எனக்கும் வேலை இருக்கிறதே, அதைக் காட்டிக் குறைத்துவிடுவார்களோ என்று பல இரவு தூங்கவில்லை. ஆனால் டெக்சாஸ் விதிமுறையில் பணம் கொடுக்க வேண்டியவரின் வருமானம் மட்டும்தான் கணக்கு. கலிஃபோர்னியாவில் இருக்கும் என் தோழிக்கு இருவர் சம்பளத்தையும், பிள்ளைகள் யாரிடம் எத்தனை நாள் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தார்கள். அதனால் வேறு மாநிலத்துக்காரர் சொல்லும் கணக்கை வைத்துப் பயப்படாதீர்கள்.

சதவீதம் சுலபம்: ஒரு பிள்ளைக்கு 20, இரண்டுக்கு 25, மூன்றுக்கு 30. எந்தத் தொகையில் 25 என்பதில்தான் நான் ஏமாற இருந்தேன். என் முன்னாள் கணவர் கைக்கு மாதம் 5,700 டாலர் வந்தது. அதில் கால் பங்கு 1,425 என்று எழுதிக் காட்டினார். நானும் சரி என்றுவிட்டேன்.

என் வக்கீல் சம்பளச் சீட்டைக் கேட்டார். அடியில் இருந்த தொகையை அவர் பார்க்கவே இல்லை. மேலே முதல் வரியில் இருந்த மொத்தச் சம்பளம் 9,000இலிருந்து கழிக்கத் தொடங்கினார். சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் என்ற ஓய்வூதிய, முதியோர் மருத்துவ வரிகள் 690. தனியாளுக்கு உரிய மத்திய வருமான வரி சுமார் 1,300. பிள்ளைகளின் மருத்துவக் காப்பீடு 410. டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. மீதி 6,600, அதில் 25 சதவீதம் 1,650. என் முன்னாள் கணவர் மாதாமாதம் 401கே ஓய்வுக்காலச் சேமிப்பில் போட்ட 900 டாலரை நாங்கள் இருவருமே பிடித்தமாக நினைத்திருந்தோம். அது அவராக விரும்பிச் சேமிப்பது, கழிக்க முடியாது. மாதம் 225 டாலர் என் பிள்ளைகளுக்குப் போயே போயிருக்கும்! விளக்கியதும் அவர் மறுக்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

போனஸ், ஓவர்டைம் இருந்தால் அதையும் கேளுங்கள், அவையும் வருமானம்தான். இந்தச் சதவீதத்துக்கு உச்சவரம்பும் உண்டு: இப்படிக் கழித்து மீதியாகும் மாத நிகர வருமானத்தில் அப்போது 9,200 டாலர் வரை, 2025 செப்டம்பரிலிருந்து 11,700.

பணம் அவர் சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டு, சான் அன்டோனியோவில் உள்ள மாநிலப் பட்டுவாடா மையம் வழியாக என் வங்கிக்கு வருகிறது. முதல் தவணை வர ஆறு வாரம் ஆனது, அதுவரைக்கும் கையில் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவனுக்கு 18 வயதாகி, பள்ளியும் முடிந்ததும் 20 சதவீதமாகிவிடும். இதே வருமானத்துக்கு 1,320. அந்த வருடத்துக்காக இப்போதிருந்தே மாதம் 50 டாலர் தனியாக எடுத்து வைக்கிறேன்.