விரிப்பில் ஒரு சுருக்கம்

பிசியோதெரபி முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். வீடு தேடிப் போய்ச் சிகிச்சை கொடுக்க வேண்டியவர்களின் பட்டியலில் அந்த அம்மாவும் இருந்தார். வயது 56. மூன்று வயதில் போலியோ. கையும் காலும் அசையாது, வலது கட்டைவிரலில் மட்டும் கொஞ்சம் உயிர் இருந்தது. இரவில் மூச்சுக்கு இயந்திரம். படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒருவரைப் பார்க்கப் போகிறோம் என்ற நினைப்பில்தான் போனேன்.

போனால், அவர் வேலையில் இருந்தார். புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது அவர் தொழில். சாய்த்து நிமிர்த்திய கட்டில், முகத்துக்கு நேரே கணினி, பல்லிடுக்கில் ரப்பர் நுனி வைத்த நீளக் குச்சி. கொக்கு மீன் கொத்துவதுபோலத் தலையை அசைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தார். வந்தவனை உட்காரச் சொல்லக்கூட இல்லையே என்று எனக்கு லேசாகக் கோபம். குச்சி வாயில் இருக்கும்போது எப்படிப் பேசுவார் என்பது அப்புறம்தான் உறைத்தது.

கால்களை நீட்டி மடக்கிவிட்டு, அவரைப் புரட்டிப் படுக்க வைத்தேன். "தம்பி, இடுப்புக்கிட்ட விரிப்பு சுருங்கியிருக்கு" என்றார். அதுவரை நான் அதிகம் பார்த்தது முதுகுத்தண்டில் அடிபட்டவர்களை. அவர்களில் பலருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே தொடு உணர்ச்சியும் இருக்காது. அந்தப் பழக்கத்தில், "உங்களுக்கு அங்கே தெரியாதேம்மா" என்று சொல்லிவிட்டேன்.

"யார் சொன்னது?" என்றார்.

போலியோ வைரஸ் அழிப்பது தசைகளை இயக்கும் நரம்பு செல்களை. தொடு உணர்ச்சியில் கை வைக்காது. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம்தான், ஆள் எதிரே இருக்கும்போது மறந்துபோனது. எறும்பு ஏறினால் அவருக்குத் தெரியும். மூக்கு அரித்தால் தெரியும். காலையில் விரிப்பில் விழுந்த சின்னச் சுருக்கம் மதியத்துக்குள் கல்லாக உறுத்தும். தட்டிவிடத்தான் கை வராது. ஐம்பது வருஷத்துக்கு மேல் அப்படி.

அடுத்த தப்பு இன்னும் பெரிது. அந்தக் கட்டைவிரலைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இருப்பதை வளர்ப்போம் என்று ஒரு வாரம் பயிற்சி. "இன்னும் பத்து தடவை, உங்களால முடியும்மா!" எட்டாம் நாள் விரல் எழும்பவே இல்லை. போலியோவில் செத்த செல்களின் வேலையையும் மிச்சமிருந்த செல்கள் இழுத்துப்போட்டுச் செய்கின்றன. பல வருஷங்கள் கழித்து அவையும் களைக்கின்றன. அந்த நேரத்தில் சோர்ந்து விழும்வரை வேலை வாங்கினால், இருப்பதும் போகக்கூடும்.

எனக்கு அது ஒரு தசை, அவ்வளவுதான். அவருக்கு அது அழைப்பு மணி. ராத்திரி இயந்திரத்தின் குழாய் கழன்றால் பக்கத்து அறையில் தூங்கும் உதவியாளரை எழுப்புவது அந்த விரல்தான். விரல் பழைய நிலைக்கு வரும்வரை அந்த உதவியாளர் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தார். என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

எங்கள் துறையில் பார்த்தெல் அட்டவணை என்று ஒன்று உண்டு. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, நடப்பது என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். அவருக்கு 100-க்கு 20 வந்தது. மலம், சிறுநீர் அடக்க முடியும் என்பதற்காகக் கிடைத்தது அந்த இருபதும். சொன்ன தேதிக்கு வேலையை முடித்துக் கொடுப்பவர், உதவிக்கு வரும் மூன்று பேருக்கும் தன் சம்பாத்தியத்திலிருந்து சம்பளம் கொடுப்பவர் என்றெல்லாம் எழுத அதில் கட்டம் இல்லை. எந்த உதவியாளருக்குக் காலையில் பொறுமை இருக்காது, யாருக்குத் தூக்கும்போது முழங்கால் வலிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. "இடது தோள் ஒரு விரல் மேலே. தலையணை மூலை காதுக்குக் கீழே. போதும்." இத்தனை துல்லியமாக வேலை சொல்லத் தெரிந்த மேலதிகாரி எனக்கு அமைந்ததில்லை.

ஒருநாள் அவரிடம் எட் ராபர்ட்ஸின் கதையைச் சொன்னேன். 1953-ல், 14 வயதில் போலியோ வந்த அமெரிக்கர். இவரால் வேலை பார்க்கவே முடியாது என்று படிப்புக்கு உதவ முதலில் மறுத்தது கலிபோர்னியாவின் மறுவாழ்வுத் துறை. 1962-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படிக்கச் சேர்ந்தார், இரும்பு நுரையீரலுக்குள், அதாவது உடம்பை உள்ளே வைத்து மூச்சுவிட வைக்கும் உருளை இயந்திரத்துக்குள், தூங்கி எழுந்து வகுப்புக்குப் போனார். 1975-ல் அதே துறைக்கு இயக்குநர்.

நான் எதிர்பார்த்த வியப்பு அவர் முகத்தில் இல்லை. "அவருக்கு ஆள் யாரு வச்சாங்க?" என்று கேட்டார். உதவியாளரைத் தேர்ந்தெடுப்பதும் வேலை சொல்வதும் ஊனமுற்றவரின் கையில்தான் இருக்க வேண்டும் என்று ராபர்ட்ஸும் நண்பர்களும் போராடியதைச் சொன்னேன்.

"அதைச் சொல்லுங்க முதல்ல" என்றார். "அந்தக் குச்சியைக் கொடுங்க தம்பி."

குச்சியை வாயில் வைத்தேன். அதற்குமேல் பேச்சு கிடையாது. நான் கிளம்பலாம் என்று அர்த்தம்.