பூவும் இல்லை, கற்பூரமும் இல்லை: பொதிகை உச்சியில் அகத்தியர் தரிசனம்

அகத்தியர்கூடம் ஏறக் கேரள வனத்துறையிடம் அனுமதி வாங்கும்போதே எதையெல்லாம் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிடுகிறார்கள். பிளாஸ்டிக், போதைப் பொருள், சரி. கூடவே பூஜைப் பொருள்களும் கூடாதாம். எங்களோடு வந்த அம்பாசமுத்திரத்து அண்ணாச்சிக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. “சாமியப் பாக்க வெறுங்கையோடவா போறது?” என்று திருவனந்தபுரம் வரும்வரை புலம்பிக்கொண்டே வந்தார்.

தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு அகத்தியர்கூடம்தான் பொதிகை மலை. சிவன் கல்யாணத்துக்கு எல்லாரும் கயிலையில் கூடியதால் பூமி வடக்கே சாய, அதைச் சமன் செய்ய அகத்தியர் தெற்கே வந்து தங்கிய மலை. முன்பெல்லாம் காரையாறு அணையைப் படகில் கடந்து, பாணதீர்த்தம் தாண்டி, கன்னிகட்டி, பூங்குளம் வழியாக நம் பக்கத்திலிருந்தே ஏறுவார்கள். அண்ணாச்சி இளவட்டமாக இருந்தபோது அப்படிப் போனவர். அந்தக் காடு இப்போது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அந்த வழியில் பக்தர்களை விடுவதில்லை. ஆகவே நம்ம ஊர் மலையைப் பார்க்க மலையைச் சுற்றிக்கொண்டு விதுரை, போனக்காடு என்று போக வேண்டியிருக்கிறது. மகரவிளக்கு முடிந்து சிவராத்திரி வாக்கில் வரைதான் பருவம். மருத்துவச் சான்றிதழும் கேட்கிறார்கள்.

நான் போக முடிந்ததற்கே 2018இல் வந்த கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்புதான் காரணம். அதுவரை பெண்களை உச்சிக்கு விட்டதில்லை. முனிவர் பிரம்மச்சாரி என்பது அங்குள்ள காணிப் பழங்குடி மக்களின் நம்பிக்கை. 2019 ஜனவரியில் முதல் பெண் ஏறியபோது அவர்கள் போனக்காட்டில் உட்கார்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆனால் யாரையும் மறிக்கவில்லை. அந்தப் பெருந்தன்மை எனக்குப் பிடிக்கும். என்றாலும் நம் பக்கம் மனைவி லோபாமுத்திரை இல்லாமல் அகத்தியர் கதை ஏது?

பாழடைந்த தேயிலைத் தோட்டத்தைத் தாண்டியதும் காடு தொடங்குகிறது. கரமனையாறு, வாழப்பைந்தியாறு, அட்டையாறு என்று ஒவ்வொரு ஓடையிலும் முகம் கழுவிக்கொண்டே போகலாம். அப்புறம் நிழலே இல்லாத புல்வெளி. வெயிலில் காய்ந்து, மிதித்தால் நொறுங்குகிற புல். இதில் ஒரு கற்பூரத் துண்டு பொறி விட்டால் போதும். அண்ணாச்சியின் புலம்பல் குறைந்தது அங்கேதான். அதன் பிறகு வரும் ஏற்றத்துக்கு முட்டிடிச்சான்தேரி என்று பெயர். பெயர் வைத்தவர் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்கிறார்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் காணி இனத்துப் பெரியவர். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. ஓடைக்கரை நிழலில் தரையோடு வளர்ந்திருந்த ஒரு சின்னச் செடியைக் காட்டினார், ஆரோக்கியப்பச்சை. 1987இல் இந்த மலைக்கு வந்த விஞ்ஞானிகள், கூட வந்த காணிகள் மட்டும் களைக்காமல் நடப்பதைப் பார்த்து விசாரித்தபோதுதான் இதன் காயைப் பற்றி வெளியுலகத்துக்குத் தெரிந்தது. அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தும் வந்தது. “எனக்கு ரெண்டு காய் குடுங்க சாமி” என்றார் அண்ணாச்சி. பெரியவர் சிரித்துக்கொண்டே நடையைக் கட்டினார்.

இரவு அதிருமலை முகாமில் தங்கல். யானை வராமல் இருக்க முகாமைச் சுற்றிக் குழி வெட்டியிருக்கிறார்கள். சுடச்சுடக் கஞ்சி, பயறு. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, படுத்ததும் தூங்கிவிட்டோம்.

மறுநாள் ஏறியதுதான் நிஜமான காடு. மூங்கிலுக்குத் தம்பி மாதிரி மெலிசாக வளரும் ஈற்றை, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து தலைக்கு மேலே பின்னிக்கிடந்தது. பாதை என்பது ஒரு பாதம் வைக்கிற அகலம். பெரியவர் தடியால் விலக்கி விலக்கிப் போவார். அவர் விட்டதும் அது திரும்பி வந்து நம் முகத்தில் அடிக்கும். இலையின் விளிம்பு என் மணிக்கட்டில் கோடு போட்டதை வியர்வை பட்டு எரிந்தபோதுதான் கவனித்தேன். ஓரிடத்தில் வழியை அடைத்தாற்போல யானை லத்தி, ஆவி பறக்க. பெரியவர் கையைக் காட்ட, எல்லோரும் மூச்சைக்கூட அடக்கி நின்றோம். கீழே எங்கோ ஈற்றை முறியும் சத்தம் கேட்டு, தூரமாகப் போய், நின்றது. அப்புறம்தான் நகர்ந்தோம்.

பொங்கலப்பாறையைத் தாண்டினால் மரங்கள் குட்டையாகி, முறுக்கிக்கொண்டு, பாசி போர்த்து நிற்கின்றன. வேர்களைப் பிடித்துத் தொற்றித்தான் ஏற வேண்டும். கடைசியில் வழுக்குப் பாறைகள், கட்டிவிட்ட கயிறுகள். நடுப்பாறையில் எனக்குக் கால் உதறியது. “கீழ பாக்காத தாயி, கயித்த மட்டும் பாரு” என்று அண்ணாச்சி பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார்.

1868 மீட்டர் உயரத்தில், கூரையில்லாத இடத்தில், காற்றுக்கும் மழைக்கும் மேனியைக் கொடுத்துவிட்டு நிற்கிறார் அகத்தியர், சின்னக் கற்சிலையாக. கோபுரமும் இல்லை, குருக்களும் இல்லை. அண்ணாச்சி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கைகூப்பி, கண்ணை மூடி, முணுமுணுக்கத் தொடங்கினார். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது: “நல்லெண்ணெய் சாத்தியாச்சு. பாலு ஊத்தியாச்சு. இளநி. சந்தனம் அரைச்சதுதான், கடைத்தூள் இல்ல.” முடித்துவிட்டு என்னிடம் திரும்பினார். “பூசலார் மனசுக்குள்ள கோயிலே கட்டுனாரு. நமக்கு ஒரு குடம் பாலு ஊத்த முடியாதா?”

போன வாரம் வரை இதே மனிதர்தான் பையில் விபூதிப் பொட்டலமாவது ஒளித்து வைக்கலாமா என்று கேட்டவர்.

நானும் கண்ணை மூடினேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்டால், ஒன்றுமே தோன்றவில்லை. காற்று மட்டும் புடவைத்தலைப்பு மாதிரி என் துண்டை இழுத்துக்கொண்டே இருந்தது. திறந்து பார்த்தபோது கிழக்கே மேகம் சற்று விலகி, நம் பக்கத்து மலைவரிசை கொஞ்ச நேரம் தெரிந்தது. அந்த மடிப்புகளுக்குள்தான் தாமிரபரணி பிறந்து, கடலில் சேரும் புன்னைக்காயல் வரை போகிறது. அதற்குள் மஞ்சு மூட, இறங்கச் சொல்லிவிட்டார்கள்.

இறக்கம்தான் முட்டியை வாங்கியது. ஊருக்கு வந்தும் அண்ணாச்சி விடவில்லை. வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே பாபநாசம். அகத்தியருக்குச் சிவன் கல்யாணக் கோலம் காட்டிய தலம். ஆற்றில் முங்கி எழுந்து, பூ, பால், சந்தனம் எல்லாம் வாங்கிக் கொடுத்து அர்ச்சனை செய்தார். “மேலதான் எல்லாம் செஞ்சாச்சே அண்ணாச்சி” என்றேன். “அது மனசுக்கு. இது வீட்டுல கேப்பாள்ல, பிரசாதம் எங்கன்னு” என்றார்.