பீடோங்குக்குப் போன ஐஸ் பெட்டி

வாசலில் காடியை நிறுத்தி ஐஸ் பெட்டியை இறக்கும்போதே அப்பா கேட்டுவிட்டார். “என்னப்பா அது?”

“மீன்பா.”

நாற்பதைத் தாண்டியவன் சொல்லக்கூடிய பொய்களில் இதைவிட மட்டமானது இருக்க முடியாது. கோலாலம்பூரிலிருந்து வடக்கே கெடா மாநிலத்துப் பீடோங்குக்கு எவனாவது மீன் கொண்டுவருவானா? இங்கே பக்கத்தில், மெர்போக் ஆறு கடலில் கலக்கிற இடத்தில்தான் தஞ்சோங் டாவாய் என்ற மீனவர் ஊர் இருக்கிறது. கருவாடும் பெலாச்சான் என்கிற இறால் விழுதும் வாங்க எங்கிருந்தெல்லாமோ ஆள் அங்கே வருகிறது. அப்பா பெட்டியை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், பேப்பரை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பெட்டியில் இருந்தது எட்டு டின் பீர். கசப்பும் வாசமும் தூக்கலான ஐ.பி.ஏ. நான்கு, கோதுமை பீர் இரண்டு, ஸ்டவுட் என்கிற கருப்பு பீர் இரண்டு. நெடுஞ்சாலையில் 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, தாப்பாவில் நின்று ஐஸ் மாற்றி, பிள்ளையைத் தூக்கிவருவதுபோல் கொண்டுவந்தேன்.

எங்கள் வீட்டுக்குள் மது நுழைந்ததில்லை. அதற்குக் காரணம் தாத்தா. பீடோங்கை ஒட்டிய ஹார்வர்டு தோட்டத்தில்தான் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு தொண்டர் படை எழுந்தது. ஏ. எம். சாமி தலைமையில் இளைஞர்கள் காக்கி உடுப்போடு அணிவகுத்து, கள்ளுக்கடைகள் முன்னால் மறியல் செய்தார்கள். 1947இல் பீடோங் கள்ளுக்கடை மறியல் போலீஸ் தடியடியில் முடிந்து ஒரு தொழிலாளி உயிரிழந்தார். கள்ளுக்கடையை மூடு என்ற குரல் அதற்கு முன்பே, 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலிலும் இருந்தது. தாத்தா அந்தத் தொண்டர் படையில் ஒருவர். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அவர் படம் இன்றும் கூடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அந்தப் படத்தின் கீழே நடந்துதான் ஐஸ் பெட்டியைச் சமையலறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

சரி, நான் ஏன் இப்படி? தொழில் அப்படி. பேரங்காடிகளுக்கும் கிடங்குகளுக்கும் குளிர் அறை போடுகிற வேலை எனக்கு. இறைச்சி எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும், பால் எத்தனையில், கதவு எத்தனை நிமிடம் திறந்திருந்தால் என்ன கெடும் என்பதே பிழைப்பு. பீரைப் பற்றி எனக்கு வந்த ஞானமெல்லாம் குளிரிலிருந்து வந்ததுதான். எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும் மாலையில் உள்ளூர் பீர் எங்கே என்று தேடுவேன். தேடத் தேடத் தெரிந்தது இவ்வளவுதான்: யார் காய்ச்சினார்கள் என்பதைவிட, எப்போது காய்ச்சினார்கள், அதன்பிறகு அது எங்கே படுத்துக் கிடந்தது என்பதுதான் பெரிய கேள்வி.

ஹனோயில் ‘பியா ஹோய்’ குடித்தபோது முதலில் அது உறைத்தது. நடைபாதையில் முழங்கால் உயர பிளாஸ்டிக் நாற்காலி. தினமும் புதிதாகக் காய்ச்சி வருகிற பீப்பாய் அன்றைக்கே தீர வேண்டும், ஏனென்றால் சூடாக்கிப் பதப்படுத்துவதில்லை. வலு மூன்று சதவீதம் அளவுதான். பெரிய சுவை ஒன்றுமில்லை, ஆனால் உயிர் இருந்தது. அதே பயணத்தில் சைகோனில், பாஸ்டர் தெருவின் பெயரையே வைத்துக்கொண்ட ஒரு சிறு ஆலைக்காரர்களின் கடைக்கு, சந்துக்குள் படியேறிப் போனேன். மல்லிகை போட்ட ஐ.பி.ஏ. கொடுத்தார்கள். வாய் வரைக்கும் கொண்டுபோனதும் அம்மாவின் கொண்டை ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். அவர்களுடைய சாக்லேட் ஸ்டவுட் 2016இல் உலக பீர் கோப்பையில் தங்கம் வாங்கியது. எனக்கென்னவோ மல்லிகைதான்.

நுவரெலியா வேறு கதை. கொழும்பில் வேலை முடிந்து, நானுஓயா வரை ரயிலில் போய் இறங்கினேன். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, 1881இல் தொடங்கிய பீர் ஆலை இருந்த ஊர் அது. குளிரும் ஊற்றுத் தண்ணீரும் பார்த்து வெள்ளைக்காரன் அங்கே போட்டான். ஆலை பிற்பாடு கொழும்புப் பக்கம் பியகமவுக்கு இறங்கிவிட்டது, அதன் லயன் ஸ்டவுட் மட்டும் மலைக் கடைகளை விடவில்லை. 8.8 சதவீதம். மைக்கேல் ஜாக்சன், பாட்டுக்காரர் இல்லை, பீரைப் பற்றியே எழுதி வாழ்ந்த இங்கிலாந்துக்காரர், இதைப் பாராட்டி எழுதியிருக்கிறார். பக்கத்து மேசையில் இருந்த தோட்டத்து ஆள் என் தமிழைக் கேட்டு “நீங்க எந்த லயம்?” என்றார். தோட்டத்து வரிசை வீடுகளை நாங்கள் ‘லைன்’ என்போம், அவர்கள் ‘லயம்’ என்கிறார்கள். அவருடைய பாட்டனும் என்னுடைய பாட்டனும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கப்பலேறியிருக்கலாம், அவர் பாட்டன் தெற்கே இறங்கினார், என் பாட்டன் கிழக்கே.

பீடோங்குக்கு வருவோம்.

மாலையில் மாமா வீட்டுக்குப் போவதற்கு முன்னால் கடைத்தெருவில் தவுக்கே, அதாவது சீன முதலாளி, கடையில் எட்டிப் பார்த்தேன். தோட்டத்து ஜனங்களுக்கு அரிசி, சார்டின், கொசுவத்தி விற்கிற பழைய கடை. தவுக்கே என் வயதில் அப்பாவுக்குக் கடன் கொடுத்தவர். நம்மளவுக்குத் தமிழ் பேசுவார், கெட்ட வார்த்தை நம்மைவிட நன்றாகப் பேசுவார்.

வாசலோரம் பச்சைப் போத்தல்கள் நெட்டுக்கு அடுக்கியிருந்தன. மூன்று மணி வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

“தவுக்கே, இத உள்ள வைக்கக் கூடாதா?”

“ஏன் தம்பி, போத்தலுக்கு வேர்க்குமா?”

வேர்க்காது. நாறும். பீருக்குக் கசப்பும் வாசமும் தருவது ஹாப்ஸ் என்கிற கொடியின் பூ. வெளிச்சம் பட்டால் அந்தக் கசப்புப் பொருள் உடைந்து, கந்தகம் கலந்து, ஸ்கங்க் என்கிற பிராணியின் நாற்றம் வந்துவிடும். பழுப்புக் கண்ணாடி வெளிச்சத்தைப் பெருமளவு தடுக்கும். பச்சையும் வெள்ளையும் அவ்வளவாகத் தடுக்காது. டின்னுக்கு அந்தக் கவலையே கிடையாது. இதையெல்லாம் விளக்கினேன். அவர் காது குடைந்துகொண்டே கேட்டுவிட்டு, “அது காலிப் போத்தல் லா. லாரி வரும், எடுத்துட்டுப் போகும்” என்றார்.

நிஜமான சரக்கு உள்ளே, இருட்டில், பழைய கண்ணாடிக் கதவு பெட்டியில் இருந்தது. மூச்சுவாங்குகிற கம்ப்ரசர் சத்தத்தை வைத்தே விசிறி அச்சு தேய்ந்திருக்கிறது என்று தெரிந்தது. ஆனால் கைவிட்டுப் பார்த்தால் குளிர் சரியாக இருந்தது. ஸ்டவுட் போத்தல் ஒன்றை எடுத்துத் திருப்பித் தேதி பார்த்தேன். சரக்கு வந்து ஆறு வாரம் ஆகியிருக்காது. தவுக்கே பெருமையாகச் சொன்னார்: “சம்பளம் போடுற வாரம் வந்து பாரு. ஒண்ணும் இருக்காது.”

அங்கேதான் சூட்சுமம். சரக்கு தேங்காத கடைதான் நல்ல கடை. இங்கே கிடைப்பதெல்லாம் ஷா ஆலமிலோ சுங்கைவேயிலோ இருக்கிற பெரிய ஆலைகள் இரண்டில் ஒன்றில் காய்ச்சியது, கைவினை பீர் என்று எவனும் சொல்லமாட்டான். இருக்கட்டுமே. மூன்று போத்தல் ஸ்டவுட் வாங்கினேன். தவுக்கே ஹொக்கியன் சீனத்தில் “ஓ காவ்” என்று கத்தி மகனைப் பொட்டலம் கட்டச் சொன்னார். கருப்பு நாய் என்று அர்த்தம், அந்த ஸ்டவுட்டுக்கு ஊர் வைத்த பெயர். அந்தக் காலத்தில் லண்டனில் போத்தலில் அடைத்து அனுப்பியவர்கள் நாய்த்தலை முத்திரை ஒட்டினார்கள். முத்திரை போயும் பெயர் போகவில்லை.

மாமா வீடு எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தின் ஓரம். அவர் காலத்தில் அது பால்மரமாக இருந்தது. மச்சான் அங்கே குலை வெட்டுகிறான். வாசலில் மேசை, ஒரு தட்டில் கடலையும் பட்டாணியும் கலந்த கச்சாங் பூத்தே, ஒரு சட்டியில் மிளகு தூக்கலாகப் பன்றி வறுவல். ஐஸ் பெட்டியைத் திறந்தேன், பெரிய மனிதன்போல.

முதலில் ஐ.பி.ஏ. கோலாலம்பூரில் ஒரு கடையில் அவசரத்தில் எடுத்தது. தேதி பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன் பார்க்கவில்லை. கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினேன். எலுமிச்சை, மாம்பழம் என்று மூக்கில் ஏற வேண்டிய இடத்தில் நனைந்த அட்டைப்பெட்டி வாசமும் பாகு வாசமும் வந்தன. டின்னின் அடியைத் திருப்பிப் பார்த்தேன். அடைத்து பதினோரு மாதம். அந்தக் கடையில் இவை குளிரில் இல்லை, பலகையில் அடுக்கியிருந்தன என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஹாப்ஸ் வாசனை எண்ணெய்தான் முதலில் ஓடிப்போகும். ஐ.பி.ஏ. என்றால் குளிரில் வைத்து மூன்று மாதத்துக்குள் குடித்துவிட வேண்டும்.

மாமா ஒரு வாய் குடித்தார். “சளி மருந்து” என்றார்.

“ஒரு டின் எவ்வளவு மச்சான்?” என்றான் என் மச்சான்.

“இருபத்தெட்டு வெள்ளி.”

மச்சான் டின்னைக் கீழே வைத்துவிட்டான். மாதம் 1,700 வெள்ளி, அதாவது ரிங்கிட், குறைந்தபட்சச் சம்பளம் என்றால் அது கிட்டத்தட்ட அரை நாள் கூலி. பாவம், விலை முழுக்கக் கடைக்காரனுடைய பேராசை இல்லை. 2016 மார்ச்சில் கலால் வரியைக் கலப்பில்லாத ஆல்கஹால் லிட்டருக்கு 175 வெள்ளி என்று வலுவைப் பார்த்துப் போட ஆரம்பித்தார்கள், 2025 நவம்பரில் இன்னும் ஏற்றினார்கள். பழைய 175 வெள்ளிக் கணக்கிலேயே ஐந்து சதவீத 320 மில்லி டின்னுக்கு வரி மட்டும் 2 வெள்ளி 80 காசு. ஏழு சதவீத 330 மில்லி ஐ.பி.ஏ.க்கு 4 வெள்ளிக்கு மேல். அதற்குமேல் கப்பல், இறக்குமதி, குளிர் வண்டி. இங்கேயே சின்னதாகக் காய்ச்சலாமே என்றால் உரிமம் வாங்குவது குதிரைக்கொம்பு. 2017இல் கோலாலம்பூரில் நடக்கவிருந்த கைவினை பீர் விழாவுக்கே அனுமதி இல்லை என்றாகிவிட்டது.

கோதுமை பீர் தப்பித்தது. அதன் ஈஸ்ட்டே வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் தரும், யாரும் எதையும் போடுவதில்லை. மாமா மோந்து பார்த்துவிட்டு, “பிரியாணிச் சட்டியில வாழப்பழம் விழுந்த மாதிரி இருக்கு” என்றார். இதைவிடச் சரியாக எந்த நிபுணரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கடைசியில் ஸ்டவுட். என் டின்னைவிடத் தவுக்கே போத்தல்தான் ஜெயித்தது. பேசிக்கொண்டே இருந்ததில் குளிர் கொஞ்சம் இறங்கியிருந்தது, ஸ்டவுட்டுக்கு அதுதான் வேண்டும். கோப்பையைச் சாய்த்து ஊற்றினேன். கருப்பு விளிம்பில் சிவப்பு ஓடியது. நுரை வெல்லப்பாகு நிறத்தில் எழும்பி, கோப்பை வாயைத் தொட்டு நின்று, மெல்ல இறங்கியது. வறுத்த காப்பிக்கொட்டைக் கசப்பு, பிறகு லேசான புளிப்பு. வறுவலின் மிளகு அதில் போய் உட்கார்ந்தது. கடலையைவிட வறுத்த பட்டாணி பொருத்தம். வறுத்த மால்ட்டின் சுவை ஹாப்ஸ் வாசம்போல் சீக்கிரம் ஓடாது, அதனால்தான் தோட்டத்துக் கடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டவுட் எடுக்கலாம். மச்சான் தன் கோப்பையில் மூன்று கட்டி ஐஸ் போட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. அவன் காலை ஐந்தரைக்குத் தோட்டத்தில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்கிறவன்.

“இதுக்குள்ள முட்ட உடைச்சி ஊத்திக் குடிப்பாங்க, தெரியுமா” என்றார் மாமா. அப்புறம் பேச்சு கள்ளுக்குப் போயிற்று. காலையில் இறக்கியது இனிக்கும், மாலைக்குள் புளிக்கும், மறுநாள் வினிகர். ஹனோயின் பீப்பாய் ஞாபகம் வந்தது. தாத்தாவுக்குக் கள் என்றாலே ஆகாதே என்று இழுத்தேன்.

“யாரு சொன்னா? அவரு வாலிபத்துல நல்லா குடிச்சவரு.” மாமா தட்டில் பட்டாணியைத் தேடிப் பொறுக்கினார். “ஒரு கையால கூலியக் குடுத்துட்டு, மறு கையால கள்ளுக்கடைல வாங்கிக்கிறானேன்னுதான் மறியலுக்குப் போனாரு. கள்ளு என்னடா பண்ணுச்சு.”

இதை எங்கள் வீட்டில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். மாமா பதில் சொல்லாமல் மூன்றாவது போத்தலைத் திறந்தார்.

இரண்டு ஐ.பி.ஏ. டின் மிச்சம். யாரும் தொடவில்லை. பெட்டிக்குள்ளேயே போட்டு, இரவு சத்தமில்லாமல் சமையலறை மூலையில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் கிளம்பும்போது பெட்டி காடிக்குப் பின்னால் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருந்தது. கனத்தது. திறந்தால் மேலே செனாங்கின் மீன், சுத்தம் செய்து பொட்டலம் பொட்டலமாக. அப்பா விடியற்காலையே மோட்டாரில் தஞ்சோங் டாவாய் போய்விட்டு வந்திருக்கிறார். மீனுக்குக் கீழே ஒரு பேப்பர், அதற்குக் கீழே இரண்டு டின்.

“ஐஸ் எல்லாம் உருகிப்போச்சுப்பா” என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. “புதுசா போட்டிருக்கேன். தாப்பா வரைக்கும் தாங்கும்.”