ஒன்றேகால் லட்சம் ஒரு ரூபாய் ஆன கதை

ஒரு காற்புள்ளிக்காக மூன்று நாள் போனது. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

கிளைகள் அனுப்பும் விற்பனை சிஎஸ்வி கோப்புகளை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) சேர்த்து மாதக் கணக்குப் போடும், ரூபி மொழியில் எழுதிய பழைய ஸ்கிரிப்ட் என் தலையில் விழுந்தது. நானூறு வரி, ஒரே மெத்தட். படிப்பது, திருத்துவது, கூட்டுவது, டேட்டாபேஸில் ஏற்றுவது எல்லாம் அதற்குள்ளேயே. டெஸ்ட்? ஓட்டிப் பார்ப்பதுதான் டெஸ்ட். புதுக் கிளை ஒன்று சேர்ந்த மாதம் கூட்டுத்தொகை உதைத்தது. ஒவ்வொரு சந்தேகத்துக்கும் இருபது நிமிட ஓட்டம். இரண்டு நாள் அப்படியே கழிந்தது.

மூன்றாம் நாள் பொறுமை போய் அதை உடைத்தேன். படிக்கு ஒரு லாம்டா, அதாவது பெயரில்லாச் சின்னச் செயல்கூறு: ஒரு வரிசையை ஹாஷாக (தலைப்பு–மதிப்பு ஜோடிகளாக) வாங்கும், புது ஹாஷைத் திருப்பித் தரும், கோப்பையோ டேட்டாபேஸையோ தொடாது. ரூபி 2.6 முதல் >> என்ற இணைப்புக் குறி இருப்பதால் லாம்டாக்களைக் கோர்ப்பது ஒரு வரி வேலை. தொகைப் படிக்கு ரூபியின் டெஸ்ட் நூலகமான மினிடெஸ்டில் முதல் டெஸ்ட் எழுதி "1,25,000" கொடுத்தேன். வந்தது 1.

எழுத்தை எண்ணாக்கும் டூ_ஐ (to_i) மெத்தட் அப்படித்தான். காற்புள்ளியைக் கண்ட இடத்தில் நின்றுவிடும், மூச்சு விடாது. காற்புள்ளியை நீக்கிவிட்டு இன்டிஜர் மெத்தடுக்கு மாறினேன். அது தப்பைக் கண்டால் கத்தும். ஆனால் இரண்டாவது ஆர்க்யுமென்டாக 10 கொடுக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை எட்டடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும்; "08" பிழையாகும். "010" சத்தமில்லாமல் 8 ஆகிவிடும்.

டெஸ்ட் எல்லாம் பச்சை. நிஜக் கோப்பை ஓட்டினால் முதல் நெடுவரிசை மட்டும் எல்லா வரிசையிலும் nil, அதாவது மதிப்பே இல்லை! எக்ஸெலில் யூடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமித்த கோப்பு. தலையில் கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் (என்கோடிங்கைக் காட்டும் குறி), அது முதல் தலைப்போடு ஒட்டிக்கொண்டது. தலைப்பை அச்சிட்டால் ஒழுங்காகத்தான் தெரியும், மறைந்த எழுத்தையும் குறியீடாகக் காட்டும் டம்ப் (dump) போட்டால்தான் மாட்டும். கோப்பைத் திறக்கும்போதே என்கோடிங்கில் பிஓஎம்மையும் சொல்லிவிட்டால் சரி. நான் கையால் எழுதிய ஹாஷ்களில் இது எப்படிச் சிக்கும்? அதனால் நிஜக் கோப்பிலிருந்து ஐந்து வரியை வெட்டி டெஸ்டில் சேர்த்துவிட்டேன்.

நடுவில் வேலையைத் தள்ளிப்போடும் லேஸி (lazy) போட்டு, அதை ஓட வைக்கும் ஈச் (each) போட மறந்து, "முடிந்தது" என்ற செய்தியைப் பார்த்து மகிழ்ந்தது தனிக் கதை. ஒரு வரிசைகூட ஏறவில்லை.

அடுத்த மாதம் அதே கிளை தொகைக்கு முன்னால் "ரூ." சேர்த்து அனுப்பியது. இன்டிஜர் அலறியது, எந்த மதிப்பு என்றும் காட்டியது. ஒரு டெஸ்ட், ஒரு திருத்தம், ஐந்து நிமிடம்.